ரோஜாக் வண்டியிலிருந்து கண்ணாடிப் போத்தலுக்கு: பினாங்குக் குடும்பம் ஒன்றின் மிளகாய்ச் சாஸ்

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட தொழில் மிகச் சிறியது. பினாங்கு ஜெலுத்தோங் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்று, மூன்று தலைமுறையாக, ரோஜாக் என்ற கலவைச் சிற்றுண்டி விற்கும் தன் கடையில் ஊற்றிவந்த மிளகாய்ச் சாஸைக் கண்ணாடிப் போத்தலில் அடைத்து விற்கிறது. மாமியாரும் மருமகளும்தான் உழைப்பவர்கள். வேலை கூடும் நாட்களில் பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவர் கைகொடுப்பார். மகன் தன் வேலை முடிந்ததும் மோட்டார்சைக்கிளில் கொண்டுபோய்க் கடைகளில் சேர்ப்பார். சிறுதொழில் செய்யும் பெண்களுக்குக் கணக்கு எழுத உதவுபவள் என்ற முறையில் இவர்களுடைய ஏடுகளைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். பெயரைப் போட வேண்டாம் என்றார்கள். கணக்கைத் தாராளமாகப் போடச் சொன்னார்கள்.

கைமணம் உள்ள பெண்ணைப் பார்த்தால் "இதைப் போத்தலில் போட்டு விற்றால் என்ன?" என்று சொல்லாதவர்கள் நம்மில் யாரும் இல்லை. அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் கிடையாது. இந்தக் குடும்பத்துக்கு ருசி ஒருநாளும் பிரச்சினையாக இருந்ததில்லை. எழுதிவைக்காமல் விட்டவையே பிரச்சினையாயின. சாஸின் புளிப்பு எவ்வளவு, உழைப்புக்கு என்ன கூலி, செய்முறை யாருக்குச் சொந்தம் என்பதெல்லாம் எந்தத் தாளிலும் இல்லை.

ஒரு நாளைக்கான சாஸ்

மருமகளுடைய மாமனாரின் தகப்பனார் தள்ளுவண்டியில் பசெம்பூர் விற்றவர். ரோஜாக்குக்குப் பினாங்கில் அந்தப் பெயரும் உண்டு. இறால் வடை, வெள்ளரிக்காய், அவித்த முட்டை எல்லாவற்றையும் நறுக்கித் தட்டில் பரப்பி, மேலே கெட்டியான சிவப்புச் சாஸை ஊற்றுவார்கள். காய்ந்த மிளகாய், சிவப்பு மிளகாய், சிலி பாடி என்னும் சின்னஞ்சிறு காரமிளகாய் கொஞ்சம், பூண்டு, புளி, சீனி, உப்பு, காய்ந்த இறால் ஆகியவற்றோடு வேகவைத்து மசித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கும் அதில் சேரும். கிழங்குதான் அந்தச் சாஸுக்கு உடம்பு. அது இல்லாவிட்டால் வடையின் மேல் நிற்காமல் தட்டின் ஓரத்துக்கு ஓடிவிடும்.

காலையில் காய்ச்சினால் மாலைக்குள் தீர்ந்துவிடும். ஒரு பகல் பொழுது தாங்கினால் போதும் என்றுதான் அந்தச் செய்முறையே உருவாகியிருந்தது. இதை யாரும் அப்போது யோசித்துப் பார்க்கவில்லை, யோசிக்க அவசியமும் இருக்கவில்லை.

2020 மார்ச் 18ஆம் தேதி கோவிட் காரணமாக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, கடை மூடப்பட்டது. வாடிக்கையாளர்கள் சாஸை மட்டுமாவது கொடுங்கள் என்று கேட்கவே, கழுவிய மயோனீஸ் போத்தல்களில் ஊற்றிக் கொடுத்தார்கள். வாட்ஸ்அப்பில் செய்தி பரவியது. பட்டர்வொர்த், சுங்கை பட்டாணி என்று தூரத்திலிருந்தும் கேட்டார்கள். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் வீட்டு அடுப்பு அணையவே இல்லை.

அப்போது ஒரு படம் வந்தது. வாடிக்கையாளர் ஒருவர் அலமாரியில் வைத்திருந்த போத்தலின் மூடி உப்பியிருந்தது. திறந்ததும் நுரை பொங்கி மேசை முழுவதும் வழிந்திருந்தது. மாமியாருக்கு மனம் ஒடிந்துவிட்டது. "இத்தனை வருஷத்தில் நம் சாஸைச் சாப்பிட்டு ஒருவருக்கும் வயிறு வலித்ததில்லையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அது உண்மை. ஆனால் அத்தனை வருஷத்தில் அந்தச் சாஸ் ஒரு வாரம்கூட அலமாரியில் உட்கார்ந்ததில்லை என்பதும் உண்மை.

மருமகள் அன்றே விற்பனையை நிறுத்தினார். யார் யாருக்குக் கொடுத்தோம் என்று வாட்ஸ்அப்பைப் புரட்டி, எல்லாப் போத்தல்களையும் கொட்டிவிடச் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். இந்த ஒரு முடிவுதான் பிறகு தொழில் பிழைத்ததற்கு முதற்காரணம் என்பது என் துணிபு. பணம் திரும்பப் பெற்றவர்களில் பலர் இன்றைக்கும் வாங்குகிறார்கள்.

4.6 என்ற எண்

மருமகள் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தவர். எதையும் அளந்து, தேதி போட்டு, கையெழுத்திட்டு வைப்பது அவருக்குப் பழகிய காரியம். உறவில் உணவுத் தொழில்நுட்பம் படித்த பெண் ஒருத்தி இருந்தாள். அவளிடம் கேட்டுவிட்டு முதலில் புளிப்பை அளக்கும் பிஎச் மானி ஒன்றை வாங்கினார். பிஎச் எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். நிறம் மாறும் தாள் மலிவுதான். ஆனால் மிளகாயின் சிவப்பு தாளிலேயே ஏறிக்கொள்வதால் அதை நம்ப முடியாது. மானியை ஒவ்வொரு முறையும் 4.01, 7.00 என்ற இரண்டு தரக் கரைசல்களில் சரிபார்த்துக்கொண்டு, ஆறிய சாஸில் முனையை அமிழ்த்த வேண்டும். பழைய செய்முறைப்படி காய்ச்சிய சாஸ் 4.9 காட்டியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். உணவைக் கெடுக்கும் கிருமிகளில் போட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் ஒன்று மண்ணில் வாழ்வது. பூண்டு மண்ணுக்குள் விளைவது. அந்தக் கிருமியின் வித்துகள் கொதிநீரில் சாவதில்லை. அழுத்தத்தில் 121 பாகை செல்சியஸ் வரை சூடேற்றினால்தான் சாகும். காற்றுப் புகாத போத்தலில் அவை முளைத்து நஞ்சைக் கக்கும். ஆனால் பிஎச் 4.6க்குக் கீழே போனால் அவற்றால் முளைக்க முடியாது. உலகம் முழுவதும் உணவு பதப்படுத்துவோர் இந்த எண்ணை எல்லைக்கோடாக வைத்திருப்பது இதனால்தான். உப்பிய போத்தலில் நுரைத்தது அநேகமாக வெறும் ஈஸ்ட்தான். அது உப்பியாவது காட்டிக்கொடுத்துவிட்டது. இந்த நஞ்சு நிறத்திலோ மணத்திலோ காட்டிக்கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. "நன்றாகக் கொதிக்கவைத்துத்தானே ஊற்றினோம்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கவலையாக இருக்கிறது. பூண்டும் எண்ணெயும் கலந்த எதையும் வீட்டில் அடைத்து வெளியே விற்பவர்கள் தயவுசெய்து இந்த எண்ணை மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு முறை காய்ச்சுவதற்கும் இன்னொரு முறை காய்ச்சுவதற்கும் வேறுபாடு வரும் என்பதால், 4.6ஐ ஒட்டி நிற்காமல் 3.8க்கு இறக்குவது என்று முடிவுசெய்தார்கள். சொல்வது எளிது. வினிகரை ஊற்றினால் எண் இறங்கியது, மாமியார் ஒரு வாய் வைத்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார். "இது ஊறுகாய்த் தண்ணீர் அம்மா, சாஸ் இல்லை." புளியைக் கூட்டினால் நிறம் கறுத்து, ரசத்தின் வாடை வந்தது. லீமாவ் கஸ்தூரி என்ற சிறு எலுமிச்சையின் சாற்றைப் பிழிந்தால் முதல் நாள் அருமையாக இருந்தது. சூட்டில் அந்த மணம் பறந்துவிடும், விலையும் கட்டாது.

வழி கிடைத்தது மாமியாரின் நினைவிலிருந்து. அவர் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். மிளகாய் மலிந்து கிடக்கும் காலத்தில் அவருடைய அம்மா அதை இடித்து, உப்புப் போட்டுச் சாடியில் கட்டிவைப்பாராம். மழைக்காலத்தில் அதைத்தான் எடுத்துக் குழம்புக்குப் போடுவாராம். உணவுத் தொழில்நுட்பம் படித்த பெண் இதைக் கேட்டுத் துள்ளினாள். உப்பிட்ட மிளகாயில் லாக்டிக் அமில பாக்டீரியா தானாகப் பெருகிப் புளிப்பை உண்டாக்கும். அமெரிக்காவின் லூசியானாவில் 1868 முதல் செய்யப்படும் டபாஸ்கோ சாஸும் உப்பிட்ட மிளகாய் விழுதை மரப்பீப்பாயில் ஊறவைத்துத்தான் தயாராகிறது.

பத்து கிலோ மிளகாய்க்கு 300 கிராம் உப்பு என்று எடைபோட்டு, உணவுக்கு உகந்த பிளாஸ்டிக் தொட்டியில் அழுத்தி வைத்தார்கள். முதல் சில நாட்கள் குமிழியிட்டுக் கிளம்பும் வாயுவை வெளியேற்ற வேண்டும். விழுது எப்போதும் தன் சாற்றுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். ஒரு தொட்டியில் மேலே பச்சைப் பூஞ்சை கண்டது. மேலாக வழித்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தலாம் என்றார் மாமியார். மருமகள் தொட்டியோடு கொட்டிவிட்டார். சில வாரங்களில் நல்ல தொட்டிகள் 4க்குக் கீழே இறங்கின. அந்த விழுதில் சாஸ் காய்ச்சியபோது கொஞ்சம் வினிகரே போதுமானதாக இருந்தது. காரம் நாக்கில் குத்தாமல் தொண்டைவரை நின்று போனது. மாமியார் இரண்டாவது கரண்டி கேட்டார்.

இதனால் இன்னொரு நன்மையும் வந்தது. ஆண்டு இறுதியில் அடைமழை பெய்யும்போது பச்சை மிளகாய், சிவப்பு மிளகாய் இரண்டும் விலை ஏறிவிடும். மலிவான காலத்தில் வாங்கி உப்பிட்டு வைத்தால் தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் கை கடிக்காது.

கைப்பிடியை எடைபோட்டது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். "எவ்வளவு உப்பு அத்தை?" என்று கேட்டால் "பார்த்துப் போடு" என்பதுதான் பதில். மருமகள் கேட்பதை நிறுத்தினார். உப்புச் சாடி, சீனி டப்பா, புளிக் கிண்ணம் ஒவ்வொன்றையும் சமைப்பதற்கு முன் எடைபோட்டார், சமைத்த பின் மறுபடி எடைபோட்டார். மாமியார் வழக்கம்போல் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். குறைந்த எடைதான் செய்முறை. பல காய்ச்சல்களின் எண்களை வரிசையாக எழுதிப் பார்த்தபோது, உப்பில் அந்தக் கை ஏறக்குறைய ஒரே அளவில் நின்றது. சீனியில் மட்டும் மிளகாயின் காரத்துக்குத் தக்கபடி மாறியது. அந்த மாற்றத்தையும் ஒரு விதியாக எழுதிக்கொண்டார்கள். தராசு அந்தக் கையின் திறமையை மெய்ப்பித்தது என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

காய்ந்த இறாலை நீக்கியது வியாபார முடிவு. சைவமாக இருந்தால் புரட்டாசியிலும் தைப்பூச விரதத்திலும் விற்கலாம். இறால் ஒவ்வாதவர்களுக்கும் அச்சமில்லை. இழந்த ருசியை வறுத்த பூண்டு ஓரளவு ஈடுசெய்தது. முழுவதும் ஈடுசெய்தது என்று மாமியார் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

நிரப்பும்போது சாஸ் 85 பாகைக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். போத்தலையும் முன்கூட்டியே சூடேற்றாவிட்டால் கண்ணாடி விரிசல் விடும். மூடி போட்டதும் சில நிமிடம் தலைகீழாக வைத்தால் அந்தச் சூடு மூடியின் உட்புறத்தையும் சுத்தப்படுத்தும். குறுகிய கழுத்துப் போத்தல் பார்க்க அழகு, ஆனால் கிழங்குச் சாஸ் அதிலிருந்து இறங்காது. அகன்ற வாய், 230 கிராம் என்று முடிவாயிற்று.

இடமும் தாள்களும்

அடுக்குமாடி வீட்டில் மிளகாய் வறுத்தால் மேல்மாடி, கீழ்மாடி எல்லாம் இருமும். அதோடு, உணவுப் பாதுகாப்புக்காகச் சுகாதார அமைச்சு தரும் மெஸ்தி சான்றிதழ் வேண்டுமென்றால் குடும்பம் புழங்கும் அடுப்படி சரிப்படாது. தீவில் வாடகை கட்டுப்படியாகாததால் பாலத்துக்கு அப்பால் பெருநிலத்தில் உள்ள பிறை என்ற ஊரில் தரைத்தளக் கடை ஒன்றின் பின்பகுதியை எடுத்தார்கள். 2019 முதல் பினாங்குப் பாலங்களில் மோட்டார்சைக்கிளுக்குச் சாலைக்கட்டணம் இல்லை என்பது மகனுக்குத் தினமும் மிச்சம்.

தாள் வேலை பயந்த அளவுக்குக் கடினமில்லை. மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் வணிகப் பெயரோடு பதிய ஆண்டுக்கு 60 ரிங்கிட்; தொழில் தொடங்கிய 30 நாட்களுக்குள் பதிய வேண்டும். வாட்ஸ்அப்பில் விற்பதும் தொழில்தான். உணவைக் கையாளுவோர் பயிற்சியும் டைஃபாய்டு தடுப்பூசியும் 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிகளின்படி கட்டாயம். 1985ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகளின்படி, லேபிளில் பொருளின் பெயர், எடை வரிசையில் சேர்மானங்கள், நிகர எடை, தயாரிப்பாளர் முகவரி, காலாவதித் தேதி எல்லாம் மலாயில் இருக்க வேண்டும். தமிழை அதற்குப் பக்கத்தில் தாராளமாகப் போடலாம். இவர்கள் பெரிதாகவே போட்டிருக்கிறார்கள்.

ஹலால் சான்றிதழ் சட்டப்படி கட்டாயமில்லை, முஸ்லிம் அல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம். மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) கடைகள் அதைக் கேட்டன என்பதால் விண்ணப்பித்தார்கள். தயாரிப்பு இடத்தில் வழிபாட்டுப் பொருள் எதுவும் இருக்கக்கூடாது என்பது நிபந்தனை. மூலையில் இருந்த பிள்ளையார் படத்தை எடுக்க மாமியாருக்கு மனம் வரவில்லை. கடைசியில் அவரே அதை வீட்டுக்கு எடுத்துப்போனார். இப்போது காலையில் வீட்டில் விளக்கேற்றிய பிறகுதான் பிறைக்குக் கிளம்புகிறார்.

முதலீட்டுக்கு முதலில் நினைத்தது அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து போடும் கூட்டுச் சீட்டை. 1971ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதைத் தடைசெய்திருக்கிறது. பணம் எடுத்தவர் ஓடிவிட்டால் முறையிடவும் வழியில்லை. நான் கடுமையாக மறுத்தேன். சிறுதொழிலுக்குக் கடன் தரும் அரசு அமைப்பான தெக்குன் நேஷனலின் ஸ்பூமி கடனுதவி இந்தியச் சமூகத்துச் சிறுதொழிலர்களுக்காகவே இருப்பது. அதில்தான் சாய்த்து ஊற்றக்கூடிய பெரிய அரைவை இயந்திரமும் எஃகுக் கொப்பரையும் வந்தன.

எட்டு ரிங்கிட்டின் பொய்

முதலில் ஒரு போத்தல் 8 ரிங்கிட். சேர்மானம் 2.10, போத்தலும் மூடியும் 1.50, லேபிள் 35 சென், எரிவாயுவும் மின்சாரமும் 30 சென் என்று மொத்தம் 4.25 ஆயிற்று. போத்தலுக்கு 3.75 லாபம் என்று மகிழ்ந்தார்கள். கடைகள் விற்பனைப் பங்காக 30 விழுக்காடு, அதாவது 2.40 எடுத்துக்கொண்டபோதும் 1.35 மிஞ்சுகிறதே என்று தேற்றிக்கொண்டார்கள்.

நான் கேட்டது ஒரே கேள்வி: உங்கள் இருவருக்கும் சம்பளம் எங்கே? ஒரு காய்ச்சலுக்கு 60 போத்தல், இரண்டு பேருக்கு ஏழேழு மணி நேரம். அதில் பெரும்பகுதி மிளகாயின் காம்பைக் கிள்ளுவதில் போகிறது. கையுறைக்குள்ளும் எரியும்; தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தாலும் இரவில் விரல் நுனி காந்தும். 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தின்படி ஒரு மணி நேரத்துக்கு 8.17 ரிங்கிட். பதினான்கு மணி நேரத்தை 60 போத்தலுக்குப் பகிர்ந்தால் போத்தலுக்கு 1.91. ஆக, கடையில் விற்ற ஒவ்வொரு போத்தலுக்கும் 56 சென் நட்டம், வாடகையைச் சேர்க்காமலே. அந்த நட்டத்தை இரண்டு பெண்களின் விரல்கள் கட்டிக்கொண்டிருந்தன. "வீட்டு வேலைதானே" என்று சொல்லி நம் பெண்களின் உழைப்பைக் கணக்கிலிருந்து அழித்துவிடும் வழக்கம் எனக்கு ஆத்திரமூட்டுவது. அவர்கள் நாளைக்கு முடியாமல் படுத்தால், சம்பளம் கொடுத்து ஆள் வைக்கும் நாளில் தொழில் அன்றே மூடும்.

புதிய இயந்திரத்தோடு ஒரு காய்ச்சலுக்கு 150 போத்தல். இரண்டு பேர், எட்டெட்டு மணி நேரம். கூலி போத்தலுக்கு 87 சென். பொருள் செலவு 4.05. விலையை 12 ரிங்கிட்டாக உயர்த்தி, கடைப் பங்கை 25 விழுக்காட்டுக்குப் பேசி முடித்தார்கள். அது 3 ரிங்கிட். மிஞ்சுவது 4.08. வாடகை, உடைசல், ஆய்வுக்கூடக் கட்டணம், கடன் தவணை எல்லாம் இதிலிருந்துதான். விலை ஏறியதும் சில வாடிக்கையாளர்கள் போனார்கள். போகட்டும் என்று நான் சொன்னேன்.

பேரங்காடி ஒன்று வந்து கேட்டது. அடுக்கில் வைக்க முன்பணம், மூன்று மாதம் கழித்துப் பட்டுவாடா, விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். மரியாதையாக மறுத்தார்கள். லிட்டில் இந்தியாவில் லெபோ பாசாரைச் சுற்றியுள்ள மளிகைக் கடைகளும் தீபாவளிப் பரிசுக்கூடைகளும் பெயரைக் கொடுத்தன; மாதா மாதம் வாடகையைக் கட்டுவது மீ கோரெங், ரோஜாக் கடைகள் வாங்கும் மூன்று கிலோ வாளிகள்தான். வாளிக்கு லேபிள் அழகு வேண்டாம், கண்ணாடி வேண்டாம், பணம் கையில் வந்துவிடும். அடைத்து விற்க நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தை முதலிலேயே பார்ப்பது நல்லது.

யாருடைய செய்முறை?

பெயர் பரவியதும் மூத்த மகனின் வீட்டிலும் அதே சாஸ், அதே பெயரில் விற்பனைக்கு வந்தது. "அம்மாவின் கைப்பக்குவம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுதானே" என்றார் அவர். அதில் நியாயம் உண்டு. ஆனால் அவர் வீட்டுச் சாஸ் பழைய முறையில் காய்ச்சியது, புளிப்பு அளக்காதது. அது உப்பினால் கெடுவது இரு வீட்டுப் பெயரும்தான். தீபாவளிக்கு இரண்டு குடும்பமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடாத அளவுக்குப் போயிற்று.

தீர்த்துவைத்தது ஒரு பக்கத் தாள். செய்முறையின் சொந்தக்காரர் மாமியார் என்று முதல் வரி. வீட்டுக்கும் தம் கடைத் தட்டுக்கும் எந்தப் பிள்ளை வேண்டுமானாலும் காய்ச்சிக்கொள்ளலாம். அடைத்து, இந்தப் பெயர் போட்டு விற்பது மாமியாரும் மருமகளும் பங்குதாரர்களாகப் பதிந்த தொழில் மட்டுமே. விற்கும் ஒவ்வொரு போத்தலுக்கும் 50 சென் மாமியாரின் சொந்த வங்கிக் கணக்கில் விழும். அது கூலிக்கு மேல், செய்முறைக்கான உரிமைத்தொகை. பெயரை மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தில் வணிகச் சின்னமாகப் பதிந்திருக்கிறார்கள். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். செய்முறையை வணிகச் சின்னம் காக்காது, அதைக் காப்பது வாய்மூடியிருப்பதுதான். உப்பிடும் கட்டம் அந்த அடுப்படியைவிட்டு வெளியே போவதில்லை.

பாட்டியின் படத்தை லேபிளில் போட்டு, பாட்டிக்கு ஒரு காசும் கொடுக்காத வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் 4.08இல் 50 சென் குறைந்து 3.58 ஆனபோது நான் வருத்தப்படவில்லை. மாமியார் தம் வாழ்நாளில் முதன்முறையாகத் தம் பெயரில் வங்கிப் புத்தகம் வைத்திருக்கிறார். முதல் வருஷத் தொகையில் மூத்த மகனின் மகளுக்குப் பல்கலைக்கழகப் பதிவுக் கட்டணம் கட்டினார். இரு வீட்டுக்கும் பேச்சு திரும்பியது அதற்குப் பிறகுதான்.

இப்போது

விற்பனை வரிக்கான ஆண்டுக்கு 500,000 ரிங்கிட் எல்லைக்கு வெகுதூரம் கீழேதான் இருக்கிறார்கள். கடன் தவணை தவறவில்லை. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் தொகுதி எண், பிஎச், நிரப்பிய சூடு, கையெழுத்து எல்லாம் ஏட்டில் ஏறுகின்றன. ஒவ்வொரு தொகுதியிலும் சில போத்தல்களை அலமாரியிலேயே விட்டுவைத்து மாதம்தோறும் திறந்து பார்க்கிறார்கள். கிழங்கு சேர்க்காத, குறுகிய கழுத்துப் போத்தலில் அடைக்கக்கூடிய இரண்டாவது சாஸ் ஒன்று சோதனையில் இருக்கிறது. லேபிள்கூட அச்சாகிவிட்டது. கடைக்காரர்கள் தைப்பூசத்துக்கே கேட்டார்கள். அலமாரிச் சோதனை முடியவில்லை என்பதால் மருமகள் கொடுக்கவில்லை.